கொலைகாரன் யாரென்று தெரிந்த பிறகும்

கல்லூரி வளாக மர்ம நாவல், துப்பறியும் கதைக் குடும்பத்தில் சற்றே தள்ளிக் குடியிருக்கும் ஒரு கிளை. கொலை, மொட்டைக் கடிதம், காணாமல்போன மாணவர் என்று மர்மக் கதைக்கு வேண்டிய எல்லாம் அதிலும் உண்டு. ஆனால் கதை நடப்பது காவல் நிலையத்திலோ மலை பங்களாவிலோ இல்லை. வகுப்பறையிலும் விடுதியிலும் நூலகத்திலும் பேராசிரியர் வீட்டுக் கூடத்திலும். 'கொலைக் கதையெல்லாம் நமக்கு ஒத்துவராது' என்று ஒதுங்கியிருந்த வாசகரையும் பிடித்து உட்காரவைக்கும் ஆற்றல் இந்த வகைக்கு உண்டு. மற்ற மர்ம நாவல்கள் நம்பியிருக்கும் அந்த ஒரே கேள்வியை, 'யார் செய்தது?' என்பதை, இது அவ்வளவாக நம்பியிருக்கவில்லை என்பதே காரணம்.

மர்மக் கதைக்கு முதலில் வேண்டியது எல்லை. ஊரில் யார் வேண்டுமானாலும் கொன்றிருக்கலாம் என்றால் கதை நகராது. அகதா கிறிஸ்டி அதற்காக ஓடும் ரயிலையும் தனித்தீவையும் தேடிப்போனார். கல்லூரியில் அந்த எல்லை கட்டிய சுவராகவே நிற்கிறது. விடுதிக் கதவு எத்தனை மணிக்குப் பூட்டப்படும், பத்து மணிக்கு யார் எந்த வகுப்பில் இருந்திருக்க வேண்டும், ஆய்வகச் சாவி யாரிடம் இருக்கும் என்பதெல்லாம் எழுதிவைத்த நேரப்படி நடக்கும். முதல்வரிலிருந்து அட்டெண்டர் வரை யாருக்கு யார் மேலே, யாருக்கு யார் கீழே என்பதும் வெளிப்படை. எல்லாவற்றுக்கும் மேலாக, ஆண்டுதோறும் புதிதாக உள்ளே வருகிறவர்கள் இருக்கிறார்கள். ஒன்றும் தெரியாமல் வந்து நிற்கும் முதலாண்டு மாணவரின் தோளுக்குப் பின்னால் நின்றபடி வாசகரும் அந்த உலகத்துக்குள் போய்விட முடிகிறது.

இங்கிலாந்தில் இந்த வகை 1930-களில் வேரூன்றியது. ஜே. சி. மாஸ்டர்மேனின் 'ஆன் ஆக்ஸ்ஃபோர்ட் ட்ராஜெடி' 1933-லும், டோரதி எல். சேயர்ஸின் 'காடி நைட்' 1935-லும், மைக்கேல் இன்னஸின் 'டெத் அட் தி பிரசிடென்ட்ஸ் லாட்ஜிங்' 1936-லும் வந்தன. மூவரும் பல்கலைக்கழகத்தை உள்ளிருந்து அறிந்தவர்கள். மூன்றில் இன்றும் உயிரோடு இருப்பது சேயர்ஸின் நாவல்தான். அதில் கொலையே கிடையாது. ஆக்ஸ்ஃபோர்டில் ஒரு கற்பனையான பெண்கள் கல்லூரி. அங்கே முன்பு படித்த ஹேரியட் வேன் என்ற துப்பறியும் கதை எழுத்தாளர் பழைய மாணவிகள் சந்திப்புக்கு வருகிறார். கல்லூரிக்குள் மொட்டைக் கடிதங்கள் சுற்றுகின்றன. கையெழுத்துப் பிரதி ஒன்று நாசமாக்கப்படுகிறது. செய்வது உள்ளே இருக்கும் யாரோ ஒருவர்.

போலீசைக் கூப்பிட்டால் போயிற்று என்று தோன்றும். ஆனால் கூப்பிட முடியாது. ஆக்ஸ்ஃபோர்ட் பல்கலைக்கழகம் பெண்களுக்குப் பட்டம் கொடுக்கத் தொடங்கியதே 1920-ல்தான். படிப்பை ஐந்தாண்டு முன்பே முடித்திருந்த சேயர்ஸும் அந்த முதல் அணியில் நின்று பட்டம் வாங்கியவர். 'பெண்களைப் படிக்கவைத்தால் இப்படித்தான்' என்று சொல்லக் காத்திருக்கும் வெளியுலகத்துக்கு ஒரு வார்த்தைகூடப் போய்விடக் கூடாது என்பதுதான் நாவலின் பதைபதைப்பு. பிணம் ஒன்றும் இல்லாமலே ஐந்நூறு பக்கத்துக்கு அருகில் ஓடுகிறது. கொஞ்சம் நீளம்தான், நடுவில் சில விருந்துப் பேச்சுகளை வெட்டியிருக்கலாம். ஆனாலும் வேலையா திருமணமா என்று ஹேரியட் தனக்குள் நடத்தும் வழக்கு, மர்மத்தைவிடக் கூர்மையாக வந்திருக்கிறது. துப்பறியும் கதையை ஒதுக்குகிறவர்கள் இந்த நாவலை விரும்புவது அதனால்தான்.

பி. டி. ஜேம்ஸ் 1971-ல் எழுதிய 'ஷ்ரௌட் ஃபார் எ நைட்டிங்கேல்' இன்னொரு பக்கம் போகிறது. களம் செவிலியர் பயிற்சிப் பள்ளி. குழாய் வழியாக நோயாளிக்கு உணவு செலுத்தும் முறையை மாணவிகளுக்குச் செய்துகாட்டும் வகுப்பில், நோயாளியாக நடித்துப் படுத்திருந்த மாணவி எல்லார் கண்முன்னாலும் இறந்துபோகிறாள். மருத்துவமனை நிர்வாகத்தில் பல ஆண்டு வேலை பார்த்தவர் ஜேம்ஸ். மேட்ரனின் அதிகாரம், பணிநேரப் பட்டியல், சக மாணவிகளுக்குள் புகையும் பொறாமை எல்லாம் கேள்விப்பட்டு எழுதியதுபோல் இல்லை.

இந்த வகையை உலகம் முழுக்கக் கொண்டுபோன புத்தகம் அமெரிக்கரான டோனா டார்ட் 1992-ல் வெளியிட்ட 'தி சீக்ரெட் ஹிஸ்டரி'. அவருடைய முதல் நாவல். வெர்மான்ட் மாநிலத்தில் ஒரு கற்பனைக் கல்லூரி. அங்கே ஒரே ஆசிரியரிடம் பண்டைக் கிரேக்கம் படிக்கும் சின்னஞ்சிறு குழு. அந்தக் குழுவில் ஒருவனான பன்னி இறந்துவிட்டான் என்பதும், கொன்றவர்கள் அவனுடைய சிநேகிதர்களே என்பதும் முன்னுரையிலேயே சொல்லப்பட்டுவிடுகின்றன. கதை சொல்பவனுக்கும் அதில் பங்கு உண்டு. மர்ம நாவல் கடைசி அத்தியாயம் வரை பொத்திவைக்கும் சரக்கை முதல் பக்கத்திலேயே அவிழ்த்துக் கொட்டிவிட்டு, 'இவர்கள் எப்படி இந்த இடத்துக்கு வந்தார்கள், இனி என்ன ஆவார்கள்' என்பதை வைத்தே பெரிய நாவல் ஒன்றை ஓட்டுகிறார் டார்ட்.

கதை சொல்பவன் பெயர் ரிச்சர்ட். கலிஃபோர்னியாவில் சாதாரண ஊர் ஒன்றில் பெட்ரோல் பங்க் நடத்துபவரின் மகன். கல்லூரியில் சேர்ந்ததும் வசதியான வீட்டுப் பிள்ளையைப்போலக் காட்டிக்கொள்கிறான். குளிர்கால விடுமுறையில் விடுதியை மூடிவிடுகிறார்கள். சிநேகிதர்கள் ஆளுக்கொரு திசையில் போய்விடுகிறார்கள். ரிச்சர்டுக்குப் போக இடமில்லை, கையில் காசும் இல்லை. ஒரு பழைய கிடங்கில், கூரையில் ஓட்டை விழுந்த, கணப்பு இல்லாத அறையில் தங்குகிறான். பனி உள்ளேயே கொட்டுகிறது. பகல் முழுக்கக் கல்லூரியில் சூடான இடமாகப் பார்த்து ஒதுங்குகிறான். ஒருவரிடம் ஒரு வார்த்தை சொன்னால் உதவி கிடைத்திருக்கும். சொன்னால் பொய் உடைந்துவிடும். நிமோனியா கண்டு சாகக் கிடக்கும்போதுதான் குழுவின் தலைவன்போல இருக்கும் ஹென்றி வந்து தூக்கிப்போகிறான். அதற்குப் பிறகு ஹென்றி என்ன கேட்டாலும் மறுக்கும் நிலையில் ரிச்சர்ட் இல்லை. நாவலில் கொலை நடக்கும் பக்கங்களைவிட இந்தக் குளிர்காலப் பக்கங்களில்தான் நெஞ்சு அதிகம் அடித்துக்கொள்கிறது. வளாக மர்ம நாவலின் உயிர்நாடி இதில் தெரிகிறது: ஒரு கூட்டத்துக்குள் இடம் கிடைப்பதற்கு என்ன விலை கொடுக்க வேண்டும், கிடைத்த இடத்தைக் காப்பாற்றிக்கொள்ள இன்னும் எவ்வளவு கொடுக்கலாம் என்பதே இதன் கேள்வி. கொலை அந்த விலைப்பட்டியலில் கடைசி வரி.

முடிவு தெரிந்தால் விறுவிறுப்பு போய்விடும் என்பது பரவலான நம்பிக்கை. ஆல்ஃப்ரெட் ஹிட்ச்காக் அதை ஒப்புக்கொள்ளவில்லை. மேசைக்கு அடியில் இருக்கும் வெடிகுண்டு யாருக்கும் தெரியாமல் வெடித்தால் பார்ப்பவருக்குச் சில விநாடி அதிர்ச்சி. குண்டு இருப்பது பார்ப்பவருக்கு மட்டும் முன்கூட்டியே தெரிந்திருந்தால் அத்தனை நிமிடமும் பதற்றம் என்று அவர் விளக்குவார். தமிழ் ரசிகருக்கு இது புதிதல்ல. 2015-ல் வந்த 'பாபநாசம்' படத்தில் யார் இறந்தது, எப்படி இறந்தது என்று பார்வையாளருக்கு எல்லாம் தெரியும். மாட்டிக்கொள்வார்களா என்பதில்தான் தியேட்டர் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது. அதற்கு அறுபது ஆண்டுக்கு முன்பே, ஆதித்த கரிகாலன் கொல்லப்பட்டான் என்பதைச் சரித்திரப் புத்தகமே சொல்லிவிட்ட பிறகும், 'பொன்னியின் செல்வ'னை மூன்றரை ஆண்டு வாரந்தோறும் காத்திருந்து படிக்கவைத்தார் கல்கி. கொன்றது யார் என்பதைக் கடைசிவரை திட்டவட்டமாகச் சொல்லவும் இல்லை. அதற்காக யாரும் புத்தகத்தை மூடிவிடவில்லை.

அமெரிக்காவின் சான் டியேகோவில் கலிஃபோர்னியா பல்கலைக்கழக உளவியலாளர்கள் இருவர் 2011-ல் வெளியிட்ட ஆய்வும் இதையொட்டியே பேசியது. 12 சிறுகதைகளைச் சிலருக்கு அப்படியே கொடுத்தார்கள். சிலருக்கு முடிவை முன்பே சொல்லிவிட்டுக் கொடுத்தார்கள். முடிவு தெரிந்து படித்தவர்களே கதைகளுக்குக் கொஞ்சம் கூடுதலாக மதிப்பெண் போட்டார்கள். பின்னால் வந்த ஆய்வுகளில் இதற்கு எதிரான முடிவுகளும் உண்டு. எப்படியானாலும், முடிவு ஒன்றுதான் கதையைத் தாங்கி நிற்கிறது என்ற எண்ணத்தில் பெரிய கீறல் விழுந்துவிட்டது.

இனி, 'இது நமக்கு ஒத்துவராது' என்று வாசகரை ஒதுங்கவைக்கும் வழக்கமான ரசனை என்பது என்ன, அது எப்படி உருவாகிறது என்ற கேள்வி. ரசனை பிறவிக்குணம்போலப் பேசப்படுகிறது. பெரும்பாலும் அது கைக்கெட்டும் தூரத்தில் என்ன கிடைத்தது என்பதன் கணக்குத்தான். ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை நீளும் வடசென்னைத் தொழிற்பகுதியைப் பார்த்தால் இது துலக்கமாகத் தெரியும். துறைமுகம், 1946-ல் பலூன் கொட்டகையாகத் தொடங்கிய எம்.ஆர்.எஃப்., 1955-லிருந்து மோட்டார் சைக்கிள் செய்த என்ஃபீல்ட், எண்ணூரில் அசோக் லேலண்ட், ரயில் நிலையத்துக்கே பெயர் கொடுத்த விம்கோ தீப்பெட்டி ஆலை என்று பகுதி முழுக்க ஷிப்ட் கணக்கில் வாழ்ந்தது. ஷிப்டுக்குப் போகும் வழியில் கிடைத்த புத்தகம் மாத நாவல்.

எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் பெட்டிக்கடை வாசலில் கட்டிய கயிற்றில் வாரப் பத்திரிகைகளோடு சேர்ந்து அவை தொங்கும். உள்ளங்கைக்குள் அடங்கும் அளவு, சாணித்தாள், பளபளக்கும் அட்டை. ராஜேஷ்குமார், பட்டுக்கோட்டை பிரபாகர், இரட்டை எழுத்தாளர்களான சுபா ஆகியோரின் நாவல்கள் 'பாக்கெட் நாவல்', 'க்ரைம் நாவல்' போன்ற இதழ்களில் மாதாமாதம் வந்தன. கோவைக்காரரான ராஜேஷ்குமார் மட்டும் 1,500-க்கும் மேற்பட்ட நாவல்களை எழுதியவர். போக ஒன்று, வர ஒன்று என்று இரண்டு ரயில் பயணத்தில் ஒரு நாவலை முடித்துவிடலாம். முடித்ததும் பக்கத்து சீட்டுக்காரருக்குக் கைமாறும். மட்டமான இலக்கியம் என்று இதைத் தள்ளியவர்கள், இத்தனை பேரை இத்தனை வேகமாகப் படிக்கவைத்த வேறு எதையும் காட்டியதில்லை.

இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. தொழிற்சங்கப் படிப்பகங்களிலும் கிளை நூலகங்களிலும் வளர்ந்த வாசகருக்குக் கார்க்கியும் ஜெயகாந்தனும் வழி காட்டினார்கள். கயிற்றில் தொங்கியதை அவர் தொடவில்லை. ஒரே தெருவில், சில வீடுகளில் ஒரே கூரைக்குக் கீழே, இரண்டு ரசனைகள் ஒன்றையொன்று பார்க்காமல் இருந்தன. இரண்டும் சந்தித்துக்கொண்ட இடங்கள் சில. அவற்றில் பெரியது சென்ட்ரல் பக்கத்து மூர் மார்க்கெட். 1900-ல் திறக்கப்பட்ட அந்தக் கட்டடத்தின் பழைய புத்தகக் கடைகளில் வகை பிரித்து அடுக்கும் வழக்கம் பெரிதாகக் கிடையாது. மருத்துவப் பாடநூலுக்கு அடியில் அகதா கிறிஸ்டி கிடக்கும். 1985-ல் மார்க்கெட் தீயில் அழிந்தது. அந்த இடத்தில்தான் இன்று புறநகர் ரயில் முனையம் இருக்கிறது. திருவொற்றியூர், எண்ணூர், மீஞ்சூர் வழியாகக் கும்மிடிப்பூண்டி போகும் வண்டிகள் அங்கிருந்தே புறப்படுகின்றன.

இன்னொரு சந்திப்பிடம் பொது நூலகத்தின் திறந்த அலமாரி. மாநிலக் கல்லூரியில் கணக்கு நடத்திவிட்டு 1924-ல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராக வந்த எஸ். ஆர். ரங்கநாதன், 1931-ல் வகுத்த ஐந்து நூலக விதிகளில் ஒன்று, ஒவ்வொரு புத்தகத்துக்கும் அதற்குரிய வாசகரைச் சேர்த்துவைக்கச் சொல்கிறது. அதற்கு அவர் கண்ட வழி, வாசகரே அலமாரிகளுக்கு நடுவே நடந்து புத்தகத்தைக் கையில் எடுத்துப் பார்க்கவிடுவது. தேடிப்போனதை எடுக்கும்போது தேடாத ஒன்று கண்ணில் படும். அவர் முன்னின்று கொண்டுவந்த 1948-ஆம் ஆண்டு சென்னைப் பொது நூலகச் சட்டத்தால், இன்றும் வீட்டுவரியோடு நூலக வரியையும் கட்டிக்கொண்டிருக்கிறோம். ராயபுரத்திலோ தண்டையார்பேட்டையிலோ கிளை நூலகத்துக்குள் போகும் ஒருவர், தம் ரசனைக்கு வெளியே இருக்கும் புத்தகத்துக்கும் சேர்த்தே காசு கட்டியிருக்கிறார்.

தமிழில் வளாக மர்ம நாவல் உண்டா என்றால், பஞ்சம்தான். ஜே. ஆர். ரங்கராஜு 1908-ல் 'இராஜாம்பாள்' எழுதிய காலத்திலிருந்தே தமிழில் துப்பறியும் நாவல் நன்றாக விற்றுவருகிறது. ஆனால் அது பங்களாவையும் ஹோட்டலையும் எஸ்டேட்டையும்தான் விரும்பியது. சுஜாதாவின் கணேஷும் வசந்தும் 'கொலையுதிர் கால'த்தில் பேயா விஞ்ஞானமா என்று மண்டையை உடைத்துக்கொள்வதும் பங்களாவில்தான். மாத நாவல்களில் கல்லூரிப் பெண் பெரும்பாலும் அட்டைப்படத்தில் இருப்பாள், அல்லது இரண்டாம் அத்தியாயத்தில் பிணமாகக் கிடப்பாள். அவள் படித்த கல்லூரி ஒரு பெயர்ப்பலகையோடு முடிந்துவிடும். கல்லூரியைச் சினிமா எடுத்துக்கொண்டது. 'ஒரு தலை ராகம்' தொடங்கி 'இதயம்', 'காதல் தேசம்' என்று அங்கே காதல் வளர்ந்ததே தவிர, மர்மம் அவ்வளவாக வளரவில்லை.

களம் இல்லாமல் இல்லை. பழைய வண்ணாரப்பேட்டையில் 1950-ல் தொடங்கிய சர் தியாகராயா கல்லூரி, பிராட்வே பக்கம் 1964-ல் தொடங்கிய பாரதி மகளிர் கல்லூரி, வியாசர்பாடியில் அம்பேத்கர் அரசு கலைக் கல்லூரி, ராயபுரத்தை ஒட்டி ஸ்டான்லி மருத்துவக் கல்லூரி என்று வடசென்னைக்கும் வளாகங்கள் இருக்கின்றன. ஆனால் கலைக் கல்லூரி மாணவர்களில் பெரும்பாலோர் விடுதியில் தங்காதவர்கள். காலையில் பொன்னேரியிலிருந்தும் மீஞ்சூரிலிருந்தும் ரயில் ஏறி வந்து, மாலையில் திரும்புகிறவர்கள். ஆக்ஸ்ஃபோர்டில் விடுதி செய்யும் வேலையை இங்கே ரயில் பெட்டியும் மாநகரப் பேருந்தும் செய்கின்றன. யார் எந்த ரூட், எந்தப் பெட்டி யாருடையது, 'ரூட் தல' யார், புதிதாக வந்தவன் எங்கே நிற்க வேண்டும், பாட்டுக்கு யார் தாளம் போடலாம் என்பதற்கெல்லாம் எழுதாத சட்டம் உண்டு. கும்மிடிப்பூண்டி மார்க்கத்தில் கல்லூரிகளுக்கு இடையே நடக்கும் மோதல்கள் கல்வீச்சு, பட்டாக்கத்தி என்று செய்தித்தாளில் வருகின்றன; செய்தி வழக்கு எண்ணோடு முடிந்துவிடுகிறது. முதல் நாள் அந்தப் பெட்டியில் ஏறிய பையன், மூன்றாம் ஆண்டில் பையில் எதைச் சுமந்துவருகிறான், அதற்கு இடையில் அவன் யாருக்கெல்லாம் கடன்பட்டான் என்பதைச் செய்தியால் சொல்ல முடியாது. டோனா டார்ட் எழுதியது அந்த இடைப்பட்ட காலத்தைத்தான்.

வீட்டில் முதல் பட்டதாரியாகக் கல்லூரிக்குள் நுழைந்தவருக்கு வெர்மான்டின் பனியும் கிரேக்க இலக்கணமும் அந்நியம். ஆனால் அப்பா என்ன வேலை பார்க்கிறார் என்று சிநேகிதன் கேட்கும்போது ரிச்சர்ட் இழுக்கும் அந்த ஒரு நொடி அந்நியமில்லை. ஊர் பெயரைச் சொன்னதும் எதிரில் இருப்பவர் முகம் மாறுவதைப் பார்த்து, எண்ணூர் என்பதற்குப் பதிலாக மொத்தமாகச் சென்னை என்று சொல்லிப் பழகியவர்கள் இங்கே குறைவில்லை. சமூக நாவல் வாசகர் மர்ம நாவலுக்குள் கால் வைக்கும் வாசல் இது. மாத நாவல் வாசகர் வருவது வேறு வாசல் வழியாக: அவருக்கு வேகம் பழக்கம், இதில் வேகம் கிடையாது. மாத நாவல் துப்பறிவாளர்களான விவேக்கோ பரத்தோ வந்து மூன்று கேள்வியில் முடிச்சை அவிழ்க்கப் போவதில்லை. ஆனால் பொய் சொல்பவனை மோப்பம் பிடிக்கும் பயிற்சி அவருக்கு ஏராளம் இருக்கிறது. கதை சொல்பவனே பொய்யன் என்கிறபோது அந்தப் பயிற்சிக்கு நல்ல தீனி.

தடைகளும் உண்டு. முதல் ஐம்பது பக்கம் பெயர்களும் கட்டடங்களுமாகவே போகும். விடுதிச் சடங்குகள், பட்டமளிப்பு மரபுகள், பேராசிரியர்களின் உள்குத்து எல்லாம் விளங்கும் வரை பொறுமை வேண்டும். கதாபாத்திரங்களில் பலர் எரிச்சலூட்டும் அளவுக்குத் தற்பெருமைக்காரர்கள். டார்ட்டின் குழு அதில் முதல் பரிசு வாங்கும். அவர்களைப் பிடிக்காமல் படிப்பதிலும் சுவை இருக்கிறது. மிஷ்கின் படங்களில் யாரையும் பிடிக்காமல் கடைசிவரை பார்த்தவர்களுக்கு இது சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

எதில் தொடங்குவது என்பது எங்கிருந்து வருகிறார் என்பதைப் பொறுத்தது. மாத நாவல் பழக்கம் உள்ளவருக்குப் பி. டி. ஜேம்ஸ் இணக்கமாக இருப்பார். கொலையும் உண்டு, விசாரணையும் உண்டு, முடிச்சும் ஒழுங்காக அவிழும். குடும்ப, சமூக நாவல்களை விரும்புகிறவர் சேயர்ஸில் தொடங்கலாம். விருந்துப் பேச்சுகள் நீண்டால் சில பக்கங்களைத் தாண்டிவிடுவதில் குற்றமில்லை. 'தி சீக்ரெட் ஹிஸ்டரி' தடிமனான புத்தகம். ஆங்கிலத்தில் கிரேக்க, லத்தீன் சொற்கள் அங்கங்கே வரும். அவற்றை அர்த்தம் பார்க்காமலே கடந்துபோகலாம், கதை கெடாது. இரவு ஷிப்டுக்குப் போகிறவர் அதைக் கையோடு எடுத்துப்போனால் வேலை ஓடாது. வாராந்திர ஓய்வு நாளுக்கு முந்தின மாலையில் எடுப்பது உத்தமம்.